கரூரின் நாணயம்: ஓர் ஆற்றங்கரைப் பட்டணம் வியாபாரத்தில் விருத்தியடைந்த வரலாறு

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் பாஷையில் இரண்டு பொருள் உண்டு. கையில் ஓசையிடும் காசுக்கும் நாணயம் என்றே பெயர். வாங்கியதைத் தவணை தவறாமல் திருப்பிக் கொடுப்பவனுடைய நடத்தைக்கும் நாணயம் என்றே பெயர். இந்நாட்டில் கூட்டுறவு இயக்கம் ஆரம்பித்த காலத்தில் கிராமங்களில் ஏற்பட்ட கடன் சங்கங்களை ஐக்கிய நாணய சங்கம் என்று அழைத்தார்கள். அப்பெயர் மிகவும் பொருத்தமானது. ஏனெனில், இரண்டாவது நாணயம் இல்லாத இடத்தில் முதலாவது நாணயம் தங்குவதில்லை. சிறிய பட்டணங்கள் சில செழிப்பதற்கும், சில தேய்ந்து போவதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவேயாம்.

இவ்வுண்மையைக் கிராம சங்கங்களின் அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்துகொள்ளும் பொருட்டு, அமராவதி நதிக்கரையில் உள்ள கரூர்ப் பட்டணத்தின் வரலாற்றை இங்கே சுருக்கமாக எழுதுகிறோம். கரூரில் தங்கச் சுரங்கம் இல்லை, நிலக்கரி இல்லை, துறைமுகம் இல்லை. சுற்றுப்புற நிலங்களில் பெரும்பகுதி மழையை எதிர்பார்க்கும் மேட்டு நிலம். அவ்வாறிருந்தும் இவ்வூர் துணி நெசவிலும், பஸ் கூண்டு கட்டும் தொழிலிலும், கொசுவலை உற்பத்தியிலும், வங்கித் தொழிலிலும் பெயர் பெற்றது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்கதாகும்.

ஊரின் இருப்பிடம்

அமராவதி நதி மேற்குத் தொடர்ச்சி மலையில் உற்பத்தியாகிக் கரூரைக் கடந்து, அவ்வூருக்குக் கிழக்கே திருமுக்கூடலூருக்கு அருகில் காவேரியுடன் கலக்கிறது. பழைய நூல்களில் இந்நதிக்கு ஆன்பொருநை என்று பெயர். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளக் கரையிலிருந்து வருபவர்கள் கொங்கு நாட்டைக் கடந்து காவேரியின் கீழ்ப்பாகத்திற்குச் செல்ல வேண்டுமானால் இவ்வூர் அவர்கள் வழியில் அமையும். வடக்கே சேலத்திலிருந்து தெற்கே திண்டுக்கல், மதுரை செல்லும் வழியும் இங்கேயே குறுக்கிடுகிறது. நாலு திசை வழிகள் கூடும் இடத்தில் சந்தை கூடுவது இயற்கை. ஆகவே கரூரின் முதல் மூலதனம் அதன் இருப்பிடமே என்று சொல்லலாம்.

இவ்வியாபாரத்தின் பழமைக்கு ஆற்று மணலே சாக்ஷி கூறுகிறது. அமராவதியின் படுகையில் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் காசுகள் ஏராளமாக அகப்பட்டிருக்கின்றன. சேர அரசர்களின் பெயர் பொறித்த காசுகளும், மோதிர முத்திரைகளும் அவ்வாறே கிடைத்துள்ளன. கிரேக்க பூகோள ஆசிரியரான டாலமி கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதியபோது, சேரருடைய தலைநகரைக் கோரூரா என்று குறிப்பிட்டார். அது கரூரே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. கரூருக்கு அருகில் புகழூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள குகைகளில் பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, கருவூரைச் சேர்ந்த பொன்வாணிகன் ஒருவன் அங்கே தவம் செய்த துறவிகளுக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறுகிறது. ஆயிரத்தெழுநூறு வருஷங்களுக்கு முன்பே இவ்வூரில் பொன் வியாபாரம் செய்து, தர்மமும் செய்யத்தக்க நிலையில் ஒருவர் இருந்தார் என்பது இதனால் விளங்குகிறது.

ஆனால் வழியில் அமைந்த ஊருக்கு நன்மையோடு தீமையும் உண்டு. வியாபாரி வரும் வழியிலேயே சேனையும் வரும். 18-ஆம் நூற்றாண்டில் கரூர்க் கோட்டை மைசூர் ராஜ்யத்தின் எல்லைக் காவலாக இருந்தபடியால், யுத்தந்தோறும் இவ்வூர் கைமாறிற்று. 1790-இல் ஜெனரல் மெடோஸ் என்பவருடைய சேனை திருச்சியிலிருந்து புறப்பட்டு முதலில் கரூரைத்தான் பிடித்தது. 1799-இல் திப்பு சுல்தான் மாண்ட பின்னர் இப்பிரதேசம் கம்பெனியார் வசமாயிற்று. சண்டை நின்றதும் சந்தை மறுபடியும் கூடத் தொடங்கியது. 1874-இல் கரூரில் முனிசிபாலிடி ஏற்பட்டது. அக்காலத்தில் கரூர் தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1910-இல் திருச்சினாப்பள்ளி ஜில்லாவோடு இணைக்கப்பட்டது. 1995-இல் கரூர் தனி மாவட்டமாயிற்று.

ரயிலும் தறியும்

1860-ஆம் வருஷங்களில் திருச்சியிலிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்கு இருப்புப்பாதை போடப்பட்டது. இதனால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. முன்னே மாட்டு வண்டியில் பல நாள் சென்ற சரக்கு ஒரே நாளில் சென்றது என்பது ஒன்று. மற்றொன்று, சீமையிலிருந்து வந்த மில் துணி கிராமச் சந்தை வரையில் மலிவாக வந்து இறங்கியது என்பது. ரயில் கொண்டுபோவதும் உண்டு. கொண்டுவந்து கொட்டுவதும் உண்டு. சீமைத் துணியின் போட்டியால் தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளிகள் பல இடங்களில் தொழிலை இழந்தார்கள்.

கரூர் நெசவாளிகள் பிழைத்ததற்குக் காரணம் அவர்கள் எடுத்துக்கொண்ட சரக்கின் தன்மையாகும். மெல்லிய வேஷ்டியிலும் மல் துணியிலும் மில்லோடு போட்டியிடுவது கடினம். தடித்த நூலில் நெய்யும் போர்வை, படுக்கை விரிப்பு, துண்டு, ஜமக்காளம் ஆகிய சரக்குகளில் கைத்தறிக்கு இடம் இருந்தது. வர்ண நூலைப் பாவிலும் ஊடையிலும் மாற்றிக் கட்டம் போட்டு நெய்வதில் தறிக்காரன் விரும்பியபடி மாதிரியை மாற்றலாம். சிறிய அளவிலும் நெய்து கொடுக்கலாம். வீட்டு உபயோகத் துணி என்னும் இவ்வினமே இன்றுவரை கரூரின் அடையாளமாக இருந்து வருகிறது.

ஆனால் தறி இருந்தால் மட்டும் போதாது. தறியில் ஏற்ற நூல் வேண்டும். நூல் வாங்கப் பணம் வேண்டும். நெசவாளியிடம் அப்பணம் இருப்பதில்லை. ஆகையால் அவன் நூல் வியாபாரியிடம் கடனாக நூல் பெற்று, நெய்த துணியை அவரிடமே கொடுத்துக் கூலி வாங்குவது வழக்கமாயிற்று. வாரத்திற்கு வாரம் முன்பணம் ஏறும், கணக்கு முடிவதேயில்லை. கடன் இருக்கும் வரையில் வேறு இடத்தில் துணியை விற்க முடியாது. துணியின் விலையை நெசவாளி தீர்மானிப்பதில்லை. அவன் பட்ட கடன் தீர்மானித்தது.

இந்நிலை நெசவாளிக்கு மட்டும் உரியதன்று. அறுவடைக்கு முன்பே விளைச்சலைப் பேசிக் கடன் வாங்கிய குடியானவனும் இதே நிலையில்தான் இருந்தான். பிரெடரிக் நிக்கல்ஸன் என்னும் சிவில் உத்தியோகஸ்தர் 1887-இல் வெளியான கோயமுத்தூர் ஜில்லா விவரநூலைத் தொகுத்தவர். கரூர் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. கிராம ஜனங்களின் கடன் நிலையை நன்கு அறிந்த இவரையே சென்னை அரசாங்கத்தார் பிற்பாடு கிராம வங்கிகளைப் பற்றி ஆராயும்படி நியமித்தார்கள். 1895-இலும் 1897-இலும் வெளியான அவருடைய அறிக்கை, ஜெர்மனி தேசத்தில் ரைபைஸன் என்பவர் ஏற்படுத்திய கிராம சங்கங்களின் முறையை இந்நாட்டிற்குச் சிபாரிசு செய்தது. அதன் பயனாக ஏற்பட்டதே 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம். நம் சங்கங்களின் வேர் இப்பகுதியின் கடன் துன்பத்திலும் ஓரளவு ஊன்றியிருக்கிறது என்பதை அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

ஊர்ப் பணம் ஊரில் தங்கியது

நிற்க. கரூரின் வரலாற்றில் முக்கியமான வருஷம் 1916. அவ்வருஷத்தில் வெங்கடராம செட்டியார், ஆதி கிருஷ்ண செட்டியார் என்னும் இருவர் ஒரு லக்ஷம் ரூபாய் மூலதனத்தில் கரூர் வைசியா பாங்கை ஸ்தாபித்தார்கள். பத்து வருஷங்களுக்குப் பின், 1926-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 3-ஆம் தேதி, ராமலிங்க செட்டியார் தலைமையில் ஊர் வியாபாரிகள் எழுவர் சேர்ந்து லக்ஷ்மி விலாஸ் பாங்கை ஏற்படுத்தினார்கள். ஒரு தாலுகாத் தலைநகரில் பத்து வருஷத்திற்குள் இரண்டு வங்கிகள் தோன்றி, இரண்டும் பிற்காலத்தில் மாகாணத்திற்கு வெளியிலும் கிளைகள் திறந்தது சாதாரண விஷயமன்று.

அக்காலத்து நிலைமையை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்னும் பெரிய ஐரோப்பிய வியாபார ஸ்தாபனம் முறிந்தது. அதில் பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் நஷ்டமடைந்தன. பெரிய கட்டடமும் பெரிய பெயரும் பணத்திற்குப் பாதுகாப்பல்ல என்பதை ஜனங்கள் அப்போது அறிந்தார்கள். பட்டணத்துப் பெரிய வங்கிகளோ கரூர் நூல் வியாபாரிக்கும், தானிய மண்டிக்காரருக்கும் கடன் கொடுக்க முன்வருவதில்லை. அவர்களை அவ்வங்கிகள் அறியா. ஊரிலுள்ளவரை ஊரிலுள்ளவரே அறிவர். இன்னாருடைய மண்டியில் எவ்வளவு சரக்கு நடக்கிறது, இன்னார் சென்ற தையில் வாங்கியதை ஆடிக்குள் கட்டினாரா என்பது கரூர்க் கடைத்தெருவில் அனைவர்க்கும் தெரியும். அத்தெரிவையே ஈடாகக் கொண்டு நடந்தவை இவ்வங்கிகள்.

பணத்தைப் பெட்டியிலும் நகையிலும் முடக்கி வைத்திருந்த குடும்பங்கள் அதை ஊர் வங்கியில் டிபாசிட்டாகப் போட்டன. அப்பணம் ஊர் வியாபாரிக்குக் கடனாகச் சென்றது. வியாபாரியிடமிருந்து நெசவாளிக்குக் கூலியாகவும், வண்டிக்காரனுக்கு வாடகையாகவும், மளிகைக் கடைக்கு விலையாகவும் சென்று, மறுபடியும் ஒரு பாகம் வங்கிக்கே திரும்பிற்று. குளத்து நீரை வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாய்ச்சுவதைப் போன்றது இம்முறை. வாய்க்கால் இல்லாவிட்டால் குளம் நிறைந்திருந்தும் பயிர் காயும்.

பணம் சுழலும் விதம்

வங்கியினால் வியாபாரம் பெருகுவது எப்படி என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு ஜவுளி வியாபாரியிடம் சொந்த முதல் 10,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூல் வாங்கிச் சாயமிட்டு நெய்து சரக்காக்க ஒரு மாதம் ஆகிறது. சரக்கைப் பம்பாய் வியாபாரிக்கு அனுப்புகிறார். அவர் மூன்று மாதத் தவணையில் பணம் கொடுக்கிறார். ஆகவே போட்ட முதல் திரும்பி வர நாலு மாதம் செல்லும். வருஷத்தில் மூன்று முறைதான் முதல் புரளும். லாபத்தைச் சேர்க்காமல் பார்த்தால் 30,000 ரூபாய்ச் சரக்குதான் உற்பத்தியாகும். முதல் வெளியில் மாட்டிக்கொண்டிருக்கும் மூன்று மாதமும் இவருடைய தறிகளுக்கு வேலை இராது.

இப்போது, பம்பாய் வியாபாரி ஒப்புக்கொண்ட மூன்று மாத உண்டியலைக் கரூர் வியாபாரி தம் ஊர் வங்கியில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வருஷ வட்டி 100-க்கு 9 வீதம் என்றால், மூன்று மாதத்திற்கு 10,000 ரூபாய்க்கு வட்டி 225 ரூபாய். அதைக் கழித்து 9,775 ரூபாயை வங்கி உடனே கொடுத்துவிடும். உண்டியல் முதிரும் நாளில் பம்பாயிலிருந்து வங்கி தொகையை வசூலித்துக்கொள்ளும். இதனால் வியாபாரியின் முதல் மாதந்தோறும் கைக்கு வருகிறது. வருஷத்தில் மூன்று முறை புரண்டது பன்னிரண்டு முறை புரளும். 30,000 ரூபாய்ச் சரக்கு சுமார் 1,20,000 ரூபாய்ச் சரக்காகும். தறிகளுக்கு வருஷம் முழுவதும் வேலை உண்டு. வட்டிச் செலவு உண்டு என்பது மெய். ஆனால் வேலையில்லாத தறியினால் வரும் நஷ்டம் அதைவிடப் பெரிது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தச் சமயத்திலும் மூன்று உண்டியல்களின் தொகையாகிய 30,000 ரூபாய் வங்கியிலிருந்து இவ்வியாபாரிக்காக வெளியே நிற்கும். அது வங்கியின் பணமன்று, டிபாசிட்தாரர்களின் பணம். பம்பாய் வியாபாரி பணம் கட்டத் தவறினால் கரூர் வியாபாரி தம் சொந்தப் பொறுப்பில் அதைக் கட்ட வேண்டும். அவரும் தவறினால் நஷ்டம் ஊரைச் சேரும். ஆகையால் இம்முறை முழுவதும் ஒரே தூணின்மேல் நிற்கிறது, அத்தூண் நாணயமேயாம்.

தொழில்கள் பெருகியது

1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஏற்பட்டது. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குவது அதுவே. நெசவாளிக்கு நூல் கொடுத்து, கூலி கொடுத்து, துணியையும் விற்றுத் தரும் தொடக்க சங்கங்கள் தமிழ்நாடு முழுவதும் பரவின. சங்கத்தில் சேர்ந்த நெசவாளிக்கு நூற்கடனிலிருந்து விடுதலையடைய வழி பிறந்தது. 1970-ஆம் வருஷங்களின் நடுவிலிருந்து கரூர்த் துணிகள் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கின. மேஜை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துணி, படுக்கை விரிப்பு ஆகியவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன. கைத்தறியின் இடத்தைப் பெரும்பாலும் விசைத்தறி பிடித்துக்கொண்டது.

ஒரு தொழிலில் கற்ற கைத்திறன் மற்றொரு தொழிலுக்கு வழி காட்டுவது உண்டு. நூல் நெய்யத் தெரிந்த ஊரில் பிளாஸ்டிக் நூலைக் கொண்டு கொசுவலை நெய்யும் தொழில் எளிதில் வேரூன்றியது. நாலு திசைச் சாலைகளும் கூடுகின்ற ஊராகையால் லாரியும் பஸ்ஸும் இங்கே ஓயாமல் வந்து போயின. தச்சரும் கருமாரும் அவற்றிற்குக் கூண்டு கட்டத் தொடங்கினார்கள். பெரிய தொழிற்சாலையிலிருந்து சக்கரமும் எஞ்சினும் கொண்ட அடிச்சட்டம் மட்டும் வரும். சட்டம் கட்டி, தகடு அடித்து, ஆசனம் பொருத்தி, வர்ணம் பூசி, பிரயாணிகள் ஏறத்தக்க பஸ்ஸாக அதை மாற்றுவது கரூர்ப் பட்டறைகளின் வேலை. தென்னாட்டுத் தனியார் பஸ்களில் பெரும்பாலானவற்றிற்குக் கூண்டு கரூரில் கட்டப்பட்டது.

இத்தொழிலிலும் பணம் முன்னே செல்ல வேண்டியிருக்கிறது என்பதைக் காண்க. தகடும் மரமும் ரொக்கத்திற்கு வாங்க வேண்டும். பஸ் முதலாளி வண்டியை எடுத்துச் செல்லும்போதுதான் முழுத் தொகையும் வரும். இடையில் உள்ள வாரங்களுக்குக் கடன் கொடுக்க ஊரிலேயே ஒருவர் இருந்தபடியால் சிறிய பட்டறைக்காரரும் தொழில் நடத்த முடிந்தது. அருகிலுள்ள புகழூரில் அரசாங்கத்தார் 1979-இல் காகித ஆலைக் கம்பெனியை ஸ்தாபித்தார்கள். கரும்பாலையில் சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கையைக் கொண்டு அங்கே காகிதம் செய்யப்படுகிறது. பெரிய ஆலையை வெளியார் முதலினால் கொண்டுவரலாம். ஆனால் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளை வெளியார் கொண்டுவருவதில்லை; அவை ஊர்க் கடனில் முளைப்பவை.

ஆற்றுக்குச் செலுத்தாத கடன்

இவ்வளவும் வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தையும் மறையாது எழுதுவது முறை. நூலை வெளுப்பதற்கும் சாயமிடுவதற்கும் மிகுதியான தண்ணீர் வேண்டும். அத்தண்ணீரில் உப்பும் சாயமும் பிற இரசாயனங்களும் கலந்து வெளியேறும். ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் பெருகின. கழிவு நீர் அமராவதியில் விழுந்தது. கரையோரக் கிணறுகளில் ஊறிற்று. கீழ்ப்பக்கத்துக் குடியானவர்களின் நிலம் உவராயிற்று. பல கிணறுகளின் நீர் குடிக்கத் தகாததாயிற்று. சுத்திகரிப்பு நிலையங்கள் சில பொதுவில் அமைக்கப்பட்டன, அவை போதவில்லை. குடியானவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். நீதிமன்ற உத்தரவுகளின்படி பல பட்டறைகள் மூடப்பட்டன.

சாயப்பட்டறைக்காரர் தம் ஏட்டில் நூல் விலை, சாய விலை, கூலி, வட்டி எல்லாவற்றையும் எழுதினார். கெட்டுப்போன கிணற்றின் விலையை எழுதவில்லை. எழுதாத கடனும் கடனே. அதற்கும் ஒருநாள் தவணை வரும். இவ்வூரை உண்டாக்கிய ஆறே இவ்வூருக்கு முதற் கடன்காரர் என்பதை மறந்ததன் பயன் இது. கிராமங்களில் ஏரி வண்டலையும், கிணற்று நீரையும், மேய்ச்சல் நிலத்தையும் கணக்கில்லாமல் எடுப்பவர்களும் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஒரு வங்கியின் முடிவு

கரூரில் பிறந்த இரண்டு வங்கிகளின் பிற்கால வரலாறும் நமக்குப் படிப்பினை தருவதாகும். 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு முறிந்தபோது தென்னாட்டு வங்கிகள் பலவும் ஆட்டங்கண்டன. கரூர் வங்கிகள் இரண்டும் நிலைத்து நின்றன. லக்ஷ்மி விலாஸ் பாங்கு 1958-இல் ரிசர்வ் வங்கியின் அனுமதிப் பத்திரம் பெற்று, 1961 முதல் 1965 வரையில் ஒன்பது சிறிய வங்கிகளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. வெகு காலம் வரையில் அது சிறு வியாபாரிகளுக்கும், சிறு தொழிலாளருக்கும், குடியானவர்க்கும் கடன் கொடுத்து வந்தது.

பிற்பாடு அதன் நிர்வாக அலுவலகம் சென்னைக்குச் சென்றது. 2010-க்குப் பிந்திய வருஷங்களில் தொலைவிலுள்ள பெரிய கம்பெனிகளுக்குப் பெருந்தொகைகளைக் கடனாகக் கொடுத்தது. அவற்றில் பல திரும்பவில்லை. 2019-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ரிசர்வ் வங்கி அதன்மீது கட்டுப்பாடுகள் விதித்தது. 2020-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் அவ்வங்கி கொடுத்திருந்த கடனில் 100-க்கு 25 பாகத்திற்கு மேல் வாராக்கடனாக நின்றது. அவ்வருஷம் நவம்பர் 17-ஆம் தேதி, டிபாசிட்தாரர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாதென்று உத்தரவாயிற்று. நவம்பர் 27-ஆம் தேதி அவ்வங்கி, சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை ஸ்தாபனத்தோடு இணைக்கப்பட்டது. டிபாசிட்தாரர்களின் பணம் தப்பியது. பங்குதாரர்களின் பங்கு முழுவதும் இல்லையென்று எழுதப்பட்டது. 94 வருஷம் நடந்த ஸ்தாபனத்தின் பெயர் பத்து நாளில் மறைந்தது.

மற்றொரு வங்கியாகிய கரூர் வைசியா பாங்கு 2016-இல் நூறு வருஷம் நிறைந்து, இன்றும் கரூரையே தலைமையிடமாகக் கொண்டு நடந்து வருகிறது. அதுவும் வாராக்கடன் தொல்லையை அறியாததன்று. ஆயினும் இரண்டு வங்கிகளும் ஒரே கடைத்தெருவில், ஒரே விதமான மனிதர்களால் ஆரம்பிக்கப்பட்டவை. அவற்றின் கதி வேறுபட்டதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒரு காரணம் எவர்க்கும் விளங்கும்: கடன் வாங்குபவரைக் கண்ணால் கண்டு அறிந்து கொடுத்த கடன் ஒருவகை; ஏட்டில் மட்டும் பார்த்துத் தொலைவிலுள்ளவருக்குக் கொடுத்த பெருங்கடன் வேறு வகை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. அளவு தெரியாமல் போட்ட பணம் ஆற்றோடு போயிற்று.

நம் சங்கங்களுக்கு இதனால் விளங்குவது

கிராம சங்க அங்கத்தினர்களில் சிலர், பட்டணத்து வங்கிகளின் கதை நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். சங்கமும் ஒரு சிறிய வங்கியே. கரூரில் வியாபாரிகள் எழுவர் செய்ததைக் கிராமத்தில் குடியானவர்கள் எழுபதின்மர் செய்யக் கூடும். கரூர் வியாபாரிக்கு உண்டியல் எப்படியோ, குடியானவனுக்குத் தானிய ஈட்டுக்கடன் அப்படி. அறுவடை நாளில் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலை தாழ்கிறது. தானியத்தைச் சங்கக் கிடங்கில் வைத்து, அதன்பேரில் கடன் வாங்கிக் கைச்செலவை நடத்திக்கொண்டு, விலை நிதானப்பட்ட பின்பு விற்பவன் வியாபாரியின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் இதற்கெல்லாம் சங்கத்தில் பணம் இருக்க வேண்டும். பல சங்கங்களில் அங்கத்தினர்கள் கடன் வாங்க மட்டும் வருகிறார்கள். டிபாசிட் போட வருவதில்லை. மேல் வங்கியிலிருந்து வாங்கிக் கீழே கொடுக்கும் சங்கம் பிறர் கிணற்றிலிருந்து இறைக்கும் தோட்டத்தைப் போன்றது. கயிறு அவர்கள் கையில் இருக்கும். ஊரார் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தால் நடக்கும் சங்கமே சொந்தக் கிணறு உடையது.

மற்றொரு விஷயத்தையும் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது அவசியம். வங்கிகளில் போட்ட டிபாசிட்டுக்கு இந்திய அரசாங்கத்தின் ஏற்பாட்டில் காப்புறுதி உண்டு. 2020-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அந்த வரம்பு ஒரு லக்ஷத்திலிருந்து 5 லக்ஷம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வங்கிகளாக நடக்கும் கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கும் இது பொருந்தும். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு இக்காப்புறுதி கிடையாது. ஆகவே கிராம சங்கத்தில் போட்ட பணத்திற்கு முதற் காவல் அங்கத்தினர்களின் கண்ணே. பொதுக்கூட்டத்திற்கு வராமல் வீட்டில் இருப்பவன் தன் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குபவனுக்கு ஒப்பாவான்.

பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. இவ்வருஷம் தவணை தவறிய கடன் எவ்வளவு? சென்ற வருஷத்தைவிட அது ஏறியதா, இறங்கியதா? எவரேனும் ஒருவருக்கோ ஒரு குடும்பத்திற்கோ அளவுக்கு மிஞ்சிய கடன் கொடுக்கப்பட்டிருக்கிறதா? பழைய கடனைத் தீர்க்கப் புதுக்கடன் எழுதி, வசூலானதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறதா? தணிக்கைக் குறிப்புகளுக்கு என்ன பதில் எழுதினார்கள்? இவ்வைந்தையும் தயக்கமின்றிக் கேட்டு, ஏட்டைப் புரட்டிக் காட்டும்படி கோருவதற்கு அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் பாத்தியம் உண்டு. கேட்பதனால் நிர்வாகிகளுக்கு அவமரியாதை இல்லை. நேர்மையான நிர்வாகிக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை.

கடன் வாங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. தவணை நாளில் கட்டும் பணம் சங்கத்திற்குச் செய்யும் உபகாரமன்று. அதே பணம்தான் அடுத்த வாரம் அண்டை வீட்டுக்காரருக்கு விதை நெல்லாகவும், அதற்கு அடுத்த மாதம் எதிர்வீட்டாருக்குக் கறவை மாடாகவும் மாற வேண்டியது. ஒருவர் தடுத்தால் வாய்க்கால் அடைபடும்; கடைமடை காயும். கடைமடைக்காரர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நிலமற்ற ஏழையாகவே இருப்பார்.

அமராவதி மணலில் அகப்படும் ரோமாபுரிக் காசுகளை இப்போது காட்சிசாலைகளில் வைத்திருக்கிறார்கள். அவற்றால் இன்று ஒருபடி அரிசியும் வாங்க முடியாது. அவற்றை இவ்வூருக்குக் கொண்டுவந்த வியாபாரம் மட்டும் வேறு வேறு உருவில் தொடர்ந்து நடந்து வருகிறது. காசு மாறும், அரசு மாறும், சரக்கும் மாறும். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பிக் கொடுக்கலாம் என்னும் நிலை உள்ளவரையில் ஊர் தழைக்கும். அந்நிலையைத் தத்தம் கிராமத்தில் உண்டாக்கிக் காப்பது அங்கத்தினர்களின் கையிலேயே இருக்கிறது. வரும் பொதுக்கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் தம் பாஸ் புஸ்தகத்தோடு வந்து, சங்கத்து ஏட்டோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துச் செல்வார்களாக.